103 தட்டு, 100 பேர்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவிலிருந்து கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். "என்ன ப்ராஜெக்ட்?" என்ற கேள்விக்கே ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாதவன் நான். பக்கத்து டீம்காரர்கள் "அட்டெண்டன்ஸ் ஆப்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். நாங்கள் "கன்கரன்ட் லாஜிக் புரோகிராமிங் லைப்ரரி" என்று வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவர் ஃபோனை நோண்ட ஆரம்பித்துவிடுவார். ஆனாலும் எழுதுகிறேன். அந்த லைப்ரரியில் ஒரே ஒரு வசதியைச் சேர்க்கப் போய் நான் செய்த தப்பை ஜூனியர்ஸ் யாராவது செய்யாமல் இருக்கட்டும்.

நாங்கள் இரண்டு பேர். பார்ட்னரை நான் பங்காளி என்றுதான் கூப்பிடுவேன். முதல் வருடத்திலிருந்து ஒரே ரூம். இங்கேயும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். ப்ரோலாக் நம்மில் பலருக்கு ஏ.ஐ. பேப்பரில் வந்திருக்கும். உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால் அதுவே விடையைத் தேடித் தரும். அதில் வரும் மாறி, சி மொழியில் நாம் பழகிய மாறி இல்லை. சி மொழியின் மாறி கரும்பலகை. அழித்து அழித்து எழுதலாம். லாஜிக் மாறி கல்வெட்டு. ஒருமுறை செதுக்கினால் செதுக்கியதுதான். ப்ரோலாக்கிலாவது பேக்டிராக் செய்தால் செதுக்கியது அழியும். கன்கரன்ட் லாஜிக் மொழிகளில் அந்த வழியும் கிடையாது. ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதோடு சரி, திரும்ப முடியாது.

இந்தக் கண்டிப்பில் ஒரு வசதி இருப்பதை 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு ப்ராசஸுக்கு ஒரு மாறியின் மதிப்பு வேண்டும், ஆனால் இன்னும் யாரும் செதுக்கவில்லை என்றால் அது அப்படியே காத்திருக்கும். வேறொரு ப்ராசஸ் செதுக்கியதும் எழுந்து வேலையைத் தொடரும். புரோகிராம் எழுதுபவர் லாக் எதுவும் போட வேண்டாம். அந்த மாறிதான் இரண்டு பேருக்கும் நடுவில் தூது. 1982இல் ஜப்பான் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் இந்த வகை மொழிகளை நம்பித்தான் நடந்தது. கசுனோரி உவேதா 1985இல் முன்வைத்த 'கார்டட் ஹார்ன் கிளாஸஸ்' அதில் முக்கியமானது. இன்று டெலிகாம் உலகத்தில் பெயர் பெற்ற எர்லாங் மொழியின் முதல் வடிவமும் ப்ரோலாக்கில்தான் எழுதப்பட்டது.

நாங்கள் அதன் குட்டி வடிவம் ஒன்றைப் பைத்தானில் செய்தோம். ஒவ்வொரு ப்ராசஸும் ஒரு ஜெனரேட்டர். ஒரு ஷெட்யூலர், ஓடத் தயாராக இருப்பவர்களின் பட்டியலிலிருந்து ஏதாவது ஒருவரை எடுத்துச் சிறிது தூரம் ஓட்டும், பிறகு அடுத்தவரை எடுக்கும். தொடர்ந்து செய்திகள் அனுப்ப ஸ்ட்ரீம். அதை ரயில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெட்டியின் கொக்கி எப்போதும் காலியாக இருக்கும். அனுப்புபவர் அந்தக் கொக்கியில் ஒரு புதுப் பெட்டியை மாட்டுவார், அந்தப் பெட்டிக்கும் ஒரு காலிக் கொக்கி இருக்கும். வாங்குபவர் பெட்டி பெட்டியாகப் படித்துக்கொண்டு பின்னால் வருவார்.

முதல் ரிவ்யூவில் டெமோவாக எங்கள் மெஸ்ஸையே எடுத்துக்கொண்டோம். கவுன்ட்டர் ஒரு ப்ராசஸ், மாணவர்கள் ப்ராசஸ்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரீமில் தட்டுகளைப் போடும், மாணவர் எடுத்துக்கொள்வார். நன்றாகத்தான் ஓடியது. பேனலில் இருந்த சீனியர் சார் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாங்குறவன் வரலைன்னா குடுக்குறவன் என்னப்பா பண்ணுவான்?"

"போட்டுட்டே இருப்பான் சார்."

"ஆள் வராமலேயே பத்தாயிரம் தட்டு போடுவானா?"

"ஆமா சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ட்ரீமில் அனுப்புபவர் யாருக்காகவும் நிற்பதில்லை. வாங்குபவர் மெதுவாக இருந்தால் நடுவில் ரயில் நீண்டுகொண்டே போகும், மெமரி தீரும் வரை.

அடுத்த ரிவ்யூவுக்குள் சிங்க்ரனஸ் சேனல் சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். இந்த யோசனை டோனி ஹோர் 1978இல் எழுதிய சி.எஸ்.பி. கட்டுரையிலிருந்து வருகிறது. 2009இல் வெளியான கோ மொழியில் பஃபர் இல்லாத சேனல் என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்த வம்சம்தான். பேப்பர் போடும் பையன் வாசலில் வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ரிஜிஸ்டர் தபால் கொண்டுவருபவர் அப்படி இல்லை. நீங்கள் வந்து கையெழுத்துப் போடும் வரை நிற்பார், நீங்கள் முதலில் வந்தால் நீங்கள் அவருக்காக நிற்க வேண்டும். இரண்டு பேரும் சந்தித்தால்தான் கொடுக்கல் வாங்கல். சந்திப்பு முடிந்ததும் அவரவர் வழி.

லாஜிக் மாறிகளை வைத்து இதைச் செய்வது சுலபம் என்றுதான் தோன்றியது. செய்தியோடு ஒரு காலி மாறியையும் சேர்த்து அனுப்பு. வாங்கியவர் அதில் 'வந்தது' என்று செதுக்கட்டும். அனுப்பியவர் அந்த மாறிக்காகக் காத்திருக்கட்டும். அதுதான் கையெழுத்து. பங்காளி ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்தான்.

பிரச்சினை ரிவ்யூவுக்கு முந்தைய ராத்திரி வந்தது. ஸ்ட்ரீமில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய எடுத்துக்காட்டு ஒன்றைப் புதுச் சேனலுக்கு மாற்றினேன். அதில் இரண்டு ப்ராசஸ்கள், இரண்டும் முதலில் மற்றதுக்கு ஒரு செய்தி அனுப்பும், பிறகு மற்றதன் செய்தியை வாங்கும். ஸ்ட்ரீமில் இது ஓடும், ஏனென்றால் அனுப்புபவர் நிற்பதில்லை. சிங்க்ரனஸ் சேனலில் இரண்டும் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தன. வாங்க யாரும் இல்லை. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. சாதாரண டெட்லாக்.

மணி ஒன்றரை. பங்காளி தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் அவன்தான் பேச வேண்டும், எழுப்ப மனசு வரவில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எழுப்பினால் அவன் சரியான வழியைப் பிடிப்பான், அதற்கு விடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சேனலுக்குள் ஒரே ஒரு செய்தி தங்க இடம் வைத்தேன். பஃபர், அளவு ஒன்று. மூன்று வரி. எல்லா டெஸ்ட்டும் பச்சை. புஷ் பண்ணிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவசரத்தில் அவனிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை.

ரிவ்யூவில் பங்காளி போர்டில் படம் போட்டு விளக்கினான். "எங்க சேனல்ல பஃபரே கிடையாது சார். ரெண்டு பேரும் வந்தாத்தான் செய்தி நகரும்." போன தடவை கேள்வி கேட்ட அதே சார் தலையாட்டினார். பழைய எடுத்துக்காட்டை ஓட்டிக் காட்டினோம். ஓடியது. அவர் அதை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் முதல்ல அனுப்புறாங்க. பஃபர் இல்லைன்னா இது எப்படிப்பா ஓடுது?"

பங்காளி என்னைப் பார்த்தான். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"சரி, ஆளுக்கு ரெண்டு தடவை அனுப்பச் சொல்லு."

மாற்றி ஓட்டினேன். அப்படியே நின்றுவிட்டது. சார் கோட் ஃபைலைத் திறக்கச் சொன்னார். என் மூன்று வரி அங்கே இருந்தது, யார், எத்தனை மணிக்குப் போட்டது என்பது உட்பட. அவர் திட்டவில்லை. "நீ சொன்னதும் கோட்ல இருக்கறதும் வேற வேறயா இருக்கே" என்று பங்காளியிடம் மட்டும் சொன்னார். மார்க் குறைந்ததை விட அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அது எனக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம்.

அதற்குப் பிறகு பத்து நாள் பங்காளி என்னிடம் பேசவில்லை. ஒரே ரூம். சோப்பு, சார்ஜர் எல்லாம் பொது. பேச்சு மட்டும் இல்லை. அவன் முதலில் பேசட்டும் என்று நானும், நான் முதலில் சொல்லட்டும் என்று அவனும் இருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பத்து நாளில் பஃபரை எடுத்தேன். அது டெட்லாக்கைத் தீர்க்கவில்லை, ஒரு செய்தி தூரம் தள்ளிவைத்தது, அவ்வளவுதான். அளவை நூறாக்கினால் நூற்றியோராவது செய்தியில் நிற்கும், அதுவும் டெமோவில் நிற்காது, வேறு யாரோ பயன்படுத்தும்போது நிற்கும். தப்பு சேனலில் இல்லை, எடுத்துக்காட்டில் இருந்தது. ஒருவர் முதலில் அனுப்பினால் மற்றவர் முதலில் வாங்க வேண்டும். லைப்ரரி செய்யக்கூடிய நல்ல காரியம் அதை மறைக்காமல் சொல்வது. ஷெட்யூலரில் ஓடத் தயாராக யாருமே இல்லை, ஆனால் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், யார் எந்தச் சேனலில் எதற்காக நிற்கிறார்கள் என்று பட்டியல் போட்டுவிட்டு நிறுத்தும்படி எழுதினேன்.

பிறகு மெஸ் டெமோவைப் பெரிதாக்கினேன். தோசைக்கு ஒரு கவுன்ட்டர், பொங்கலுக்கு ஒரு கவுன்ட்டர், 100 மாணவர்கள். எந்தக் கவுன்ட்டரில் முதலில் கிடைக்கிறதோ அங்கே ஒரே ஒரு தட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது மாணவர் இரண்டு சேனலிலும் ஒரே நேரத்தில் காத்திருப்பார். கோ மொழியின் செலக்ட் செய்யும் வேலை இது. ஓட்டிப் பார்த்தேன். சாப்பிட்டவர்கள் 100. தோசை கவுன்ட்டர் கொடுத்தது 52, பொங்கல் கவுன்ட்டர் கொடுத்தது 51. மொத்தம் 103.

மூன்று தட்டு எங்கே போனது?

மறுபடி ஓட்டினால் 101. மறுபடி 107. ஒருமுறை சரியாக 100 வந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஷெட்யூலர் ஆளை எடுக்கும் வரிசை ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் எண்ணும் மாறியது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பிடிபடவில்லை. இந்தத் தடவையும் பிடிபட்ட மாதிரி நடிக்க ஒரு வழி இருந்தது: கவுன்ட்டரை விட்டுவிட்டு, சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணிக் காட்டலாம். அந்த எண்ணம் வந்ததும் லேப்டாப்பை மூடினேன்.

அவன் கட்டிலுக்குப் போய், "பங்காளி, அன்னைக்கு நான் உன்கிட்ட வேணும்னேதான் சொல்லல. தப்பு என்மேல. இப்போ 103 தட்டு வருது, எனக்குப் புரியல" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த 103?" என்றான்.

கேட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து டீ கிளாஸ்களை வைத்தே ஓட்டிப் பார்த்தோம். அவன் தோசை கவுன்ட்டர், நான் பொங்கல் கவுன்ட்டர், நடுவில் ஒரு காலி கிளாஸ் மாணவர். மாணவர் இரண்டு வரிசையிலும் தன் பெயரைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காலி மாறியை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். தோசை கவுன்ட்டர் வந்தது, காலி மாறியைப் பார்த்தது, தட்டைச் செதுக்கியது. மாணவர் இப்போது ஓடத் தயார். ஆனால் ஷெட்யூலர் அவரை இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் பொங்கல் கவுன்ட்டரை எடுத்துவிட்டது. பொங்கல் வரிசையில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது, அங்கே இருப்பது வேறு மாறி, அதுவும் காலி. அதிலும் ஒரு தட்டு. மாணவர் கண் விழித்துத் தோசையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொங்கல் தட்டு யாருக்கும் இல்லை. ஆனால் கவுன்ட்டரைப் பொறுத்தவரை கொடுத்தாகிவிட்டது, கல்வெட்டு, திரும்ப வாங்க முடியாது.

த்ரெட் எதுவும் இல்லை, எல்லாம் ஒரே ஓட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் ரேஸ் கண்டிஷன். 'கொடுத்தாகிவிட்டது' என்று ஒருவர் முடிவு செய்த கணமும் 'வாங்கிக்கொண்டேன்' என்று மற்றவர் முடிவு செய்த கணமும் வேறு வேறாக இருந்தன, நடுவில் இன்னொருவர் நுழைய இடம் இருந்தது. சிங்க்ரனஸ் என்று பெயர் வைத்திருந்தோமே தவிர, சந்திப்பு நடக்கவே இல்லை.

பங்காளி டீயைக் குடித்து முடிக்கும்போதே சொன்னான். "ரெண்டு மாறி எதுக்குடா? ஆள் ஒருத்தன்தானே? ஒரே மாறி வை."

அவ்வளவுதான் தீர்வு. மாணவர் எத்தனை வரிசையில் நின்றாலும் அவருக்கு 'முடிவு' என்று ஒரே ஒரு மாறி. எல்லா வரிசையிலும் அதே மாறி. தோசை கவுன்ட்டர் வந்து அதில் 'தோசை' என்று செதுக்கும். பிறகு பொங்கல் கவுன்ட்டர் வந்து 'பொங்கல்' என்று செதுக்கப் பார்த்தால், தோசையும் பொங்கலும் ஒன்றாகாது, யூனிஃபிகேஷன் தோற்கும். அது தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வரிசையில் அடுத்தவரைப் பார்க்கும். திரும்ப அழிக்க முடியாது என்ற எந்தக் குணம் எங்களை மாட்டிவிட்டதோ, அதே குணம்தான் காப்பாற்றியது. கோ மொழியின் ரன்டைமிலும் செலக்ட்டில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கொடி உண்டு, முதலில் அதைத் தொட்டவருக்கே ஆள் சொந்தம் என்று பிறகு படித்தேன்.

ஆனால் கவுன்ட்டரும் சும்மா நிற்பதில்லையே. அதுவும் இரண்டு சேனலில் எது கிடைக்கிறதோ அதில் கொடுக்கலாம் என்று வைத்தோம். அப்போது அதற்கும் ஒரு முடிவு மாறி வேண்டும். இரண்டு பேருடைய மாறியும் காலியாக இருந்தால் மட்டும், நடுவில் ஷெட்யூலருக்கு இடம் கொடுக்காமல், இரண்டையும் ஒரே மூச்சில் செதுக்க வேண்டும். ஒன்றைச் செதுக்கிவிட்டு மற்றதைப் பார்க்கப் போனால் பழைய கதைதான். நிஜ த்ரெட்களில் இதைச் செய்தால் இரண்டுக்கும் லாக் வேண்டும், அதையும் எல்லாரும் ஒரே வரிசைப்படி எடுக்க வேண்டும், இல்லையென்றால் லாக்கிலேயே டெட்லாக். இன்னொரு வேடிக்கையும் வந்தது. ஒரே ஆள் ஒரே சேனலில் 'கொடுக்கவும் தயார், வாங்கவும் தயார்' என்று நின்றால் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரே முடிவு மாறியாக இருந்தால் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தோம்.

கடைசியாக ஒன்றைப் பங்காளிதான் கண்டுபிடித்தான். எங்கள் சேனலில் செய்தி அப்படியே போவதில்லை, கொடுப்பவர் நீட்டுவதும் வாங்குபவர் எதிர்பார்ப்பதும் யூனிஃபை ஆக வேண்டும். முதல் பகுதி பொருந்தி, ஒரு மாறி செதுக்கப்பட்டு, இரண்டாம் பகுதி பொருந்தாமல் போனால்? சந்திப்பு நடக்கவில்லை. ஆனால் அந்த மாறிக்காகக் காத்திருந்த மூன்றாவது ஆள் அதற்குள் எழுந்து ஓடியிருப்பான். நடக்காத பேச்சை நம்பி வேலை செய்திருப்பான். அதனால் முதலில் ஒரு தனித் தாளில் எழுதிப் பார், எல்லாம் பொருந்தினால் மட்டும் கல்லில் ஏற்று என்று மாற்றினோம்.

வைவாவில் அதே சார் வந்திருந்தார். இந்தத் தடவை நான் பேசினேன். முதலில் பஃபர் கதையைச் சொன்னேன், அந்த மூன்று வரி யாருடையது என்பதையும். பிறகு டெமோ. தோசை 47, பொங்கல் 53, சாப்பிட்டவர்கள் 100. "மறுபடி ஓட்டு" என்றார். ஓட்டினேன். "மறுபடி." ஆறு தடவை ஓட்டச் சொன்னார். தோசையும் பொங்கலும் மாறிக்கொண்டே இருந்தன, மொத்தம் மாறவில்லை. இரண்டு பேரும் முதலில் அனுப்பும் பழைய எடுத்துக்காட்டையும் கேட்டார். அது ஓடவில்லை. முதல் ஆள் கொடுக்க நிற்கிறார், இரண்டாம் ஆளும் கொடுக்க நிற்கிறார், வாங்க யாரும் இல்லை என்று இரண்டு வரி போட்டுவிட்டு நின்றது. சார் அதைப் பார்த்துத்தான் சிரித்தார்.

அந்த லைப்ரரியை இன்னும் அவ்வப்போது தட்டிக்கொண்டிருக்கிறோம். ஏதாவது மாற்றினால் ராத்திரி இரண்டு மணியானாலும் பங்காளியின் கட்டிலைத் தட்டி எழுப்புகிறேன். கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எழுவான். பரவாயில்லை, பார்த்துவிட்டுத் தூங்கட்டும்.